நிழலும் பெயரும்: பல்லாவரம் – தாம்பரம் வட்டாரத்துப் பழைய நிழற்படங்கள்

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துப் படைத்திடலை ஒட்டியிருந்த சரளைக் குழி ஒன்றிலிருந்து கைக்கடக்கமான கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கம் அந்நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அக்கல் கிடைத்த நாள் நமக்குத் தெரியும், இடம் தெரியும், எடுத்தவர் பெயர் தெரியும். அதே பல்லாவரத்தில், அக்குழியிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பெருந்தொகையான மக்கள் தோலை ஊறவைத்தும் மயிர் கழித்தும் சாயமேற்றியும் வாழ்ந்தனர். அவர்களுள் சிலர் படம் பிடிக்கப்பட்டனர். ஆனால் அப்படங்களில் நிற்போர் யாவர் எனக் கேட்டால், நூறாண்டுகூட நிறையாத அம்முகங்களைப் பற்றி, இலட்சக்கணக்கான ஆண்டுப் பழமையுடைய அக்கல்லைப் பற்றிச் சொல்லுமளவுகூட நம்மால் சொல்ல இயல்வதில்லை.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதையும், அதில் நம் சமுதாயத்தின் பங்கு என்ன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். படங்களின் அழகியலைப் பற்றிய ஆய்வு இதுவன்று. யார் யாரைப் படம் பிடித்தார்கள், எதற்காகப் பிடித்தார்கள், பிடித்த படம் எங்கே போயிற்று என்னும் கேள்விகளே இங்கு முதன்மையானவை.

பரங்கிமலைக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட இவ்வட்டாரத்தைப் பலரும் சென்னையின் வளர்ச்சியில் தானாக முளைத்த குடியிருப்புப் பகுதி என்றே எண்ணுகின்றனர். உண்மையில் இது தொழிலால் உருவான நிலம். பல்லாவரம் ஆங்கிலேயரின் படைத்தளமாக இருந்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்ட குடைவரை ஒன்று அங்குள்ள மலையில் இன்றும் தர்காவாக இருந்து வருகிறது என்பது இவ்வூரின் பழமையையும் கலப்பையும் ஒருசேரக் காட்டும். தென்னிந்திய இரயில்வேயின் குறுகிய இருப்புப்பாதையில் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு திசம்பரில் உலக மிஷனரிகளின் மாநாடு அங்கே கூடியது. அதில் பங்கேற்ற பேராளர்களின் பெயர்ப்பட்டியல் அச்சிலேயே உள்ளது. அவர்களுக்குச் சமைத்தவர்கள், படுக்கை விரித்தவர்கள், பெட்டி சுமந்தவர்கள் பெயர்களை எந்தப் பட்டியலில் தேடுவது? நாடு விடுதலை பெற்றபின் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை வண்டலூரை ஒட்டி எழுந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கிருந்தே வெளிவந்தது. 1949இல் சி. இராஜம் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தை நிறுவினார். 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம் வந்தது. அதே ஆண்டில் கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் முயற்சியால் வண்டலூரில் கிரசென்ட் பொறியியற் கல்லூரி தொடங்கப்பெற்றது.

இவற்றுக்கெல்லாம் முந்தியது தோல். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் தமிழ் முஸ்லிம்களின் பொருளாதார வரலாற்றில் தோலுக்கு உள்ள இடம் வேறு எந்தத் தொழிலுக்கும் குறைந்ததன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு குழிகளில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடும் முறை நெடுங்காலமாக இங்கு வழக்கிலிருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களிலும் திண்டுக்கல், திருச்சி ஆகியவற்றிலும் பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்கு வந்து, அங்கிருந்து இலண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் புதுமுறையைச் சோதித்தார். அவர் முதலில் கருதியது சீமைச் சீமான்களின் காலணியை அன்று. கிணற்று நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு நீரில் மட்காத தோல் வேண்டும் என்பதையே. அரசு தொழில் நடத்தலாகாது என்று இந்திய அமைச்சர் மார்லி 1910இல் தடைபோட, அரசின் முயற்சி நின்றது. ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்தை அடுத்து நிலைபெற்றது. அந்தக் கம்பெனியின் பெயரே ஊரின் பெயராகிக் குரோம்பேட்டை ஆயிற்று. ஓர் உலோகத்தின் பெயரைத் தாங்கிய ஊர் தமிழகத்தில் வேறு உண்டா என்பது ஐயமே. பின்னர் நாகல்கேணி, பம்மல், பல்லாவரம் எங்கும் தோல்ஷாப்புகள் பெருகின. முதலாளிகளுள் பெரும்பாலோர் வடஆர்க்காட்டு முஸ்லிம்கள். குழியில் இறங்கியோர் தலித் மக்களும் ஏழை முஸ்லிம்களும்.

இனி, படங்களுக்கு வருவோம்.

சென்னையில் நிழற்படக் கலை மிக முன்னதாகவே வேரூன்றிவிட்டது. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியில் அது பாடமாகவே கற்பிக்கப்பட்டது. 1856இல் சென்னை நிழற்படச் சங்கம் தோன்றிற்று. ஆயினும் அந்நாளைய கருவியின் கண் அன்றாட மனிதர்மேல் விழுந்தது அவர்களை வகைப்படுத்துவதற்காகவே. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ என்னும் அரசு வெளியீடு இதன் பெருமுயற்சி. அதில் ஒருவரின் முகம் ஒரு சாதிக்கோ இனத்துக்கோ மாதிரியாக நிற்கும். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ நூலும் இவ்வழியதே. மண்டையோட்டின் நீள அகலங்களை அளக்கும் கருவியோடு மக்களை அணுகியவர் அவர். லெப்பை, மரைக்காயர், இராவுத்தர் என்று நம் முன்னோரும் அகரவரிசைப்படி அதில் இடம்பெற்றுள்ளனர். பழக்கவழக்கங்கள் குறித்து அந்நூல் தரும் செய்திகளுள் பயனுள்ளவை பல. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படத்தில் உள்ளவர் ‘ஒரு லெப்பை’ ஆகிறாரே ஒழிய, இன்ன தெருவில் இன்ன தொழில் செய்த இன்னார் ஆவதில்லை.

இரண்டாம் வகை கம்பெனிப் படங்கள். சாமர்செட் பிளேன் என்பார் தொகுத்து 1914–15இல் இலண்டனில் வெளிவந்த ‘தென்னிந்தியா’ என்னும் பெருநூல் இதற்கு நல்ல சான்று. வணிக நிறுவனங்களின் வரலாறும் உரிமையாளர்களின் உருவப்படங்களும் ஆலைகளின் படங்களும் நிறைந்தது அது. இத்தகைய படங்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். உரிமையாளர் தனிப்படத்தில் இருப்பார். பெயர் கீழே இருக்கும். தொழிலாளர் எந்திரத்தருகே நிற்பார். எந்திரம் எவ்வளவு பெரிது என்பதைக் காட்டும் அளவுகோலாக நிற்பார். தோற்கிடங்கின் படமாயின் வெளிச்சம் குறைவு, கருவியின் கதவு நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் அசைந்துவிட்ட கை பனிமூட்டமாய்ப் பதிந்துவிடும். வேலை செய்கின்ற கை தெளிவாய் விழ வேண்டுமானால் வேலையை நிறுத்த வேண்டும். பழைய ஆலைப் படங்களில் எல்லாரும் சும்மா நிற்பதாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. இன்னொன்றும் சொல்லத்தக்கது. குரோமில் ஊறிய தோல் நீலநிறமாக இருக்கும். அந்நீலம் தொழிலாளியின் விரலிலும் ஏறும். தோலில் புண்ணாகிக் குழிவிழுதல் அத்தொழிலின் அறியப்பட்ட நோய். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலமும் இல்லை, நாற்றமும் இல்லை. அக்குறையை இலக்கியமே ஓரளவு தீர்த்தது. திண்டுக்கல் தோல்ஷாப்புத் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்ததை வாசகர் அறிவர்.

வட்டாரத்தில் எடுக்கப்பட்ட படங்களுள் நமக்குக் கதை தெரிந்த படம் ஒன்று உண்டு. அது ஆலைப் படம் அன்று; குரோம்பேட்டைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1950களின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட மாணவர் குழுப்படம். இராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளையான ஆ.ப.ஜை. அப்துல் கலாம் அங்கே வானூர்திப் பொறியியல் பயின்றார். சேர்க்கைக் கட்டணத்துக்குப் பணமின்றி நின்றபோது அவருடைய தமக்கை சொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்து உதவினார். படிப்பு முடிந்து பிரிவு நாளில் குழுப்படத்துக்கு நின்றபோது நடந்ததைக் கலாம் 1999இல் வெளிவந்த ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் நினைவுகூர்கிறார். மாணவர்கள் மூன்று வரிசையாக நின்றனர். பேராசிரியர்கள் முன்னே அமர்ந்திருந்தனர். கலாம் மூன்றாம் வரிசையில். ஆஸ்திரியரும் நாஜிகளின் சிறையில் வதைபட்டவருமான பேராசிரியர் ஸ்பாண்டர் திடீரென எழுந்து அவரைத் தேடி, முன்னால் வந்து தம்மருகே அமருமாறு அழைத்தார். தயங்கித் தயங்கி அவர் முன்வரிசைக்கு வந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் ஆசிரியரின் அன்புக்குச் சான்றாகக் கூறுவர். எனக்கு அது குழுப்படத்தின் இலக்கணத்தை விளக்கும் நிகழ்ச்சியாகவும் படுகிறது. நாற்காலியில் அமர்வோர், பின்னே நிற்போர், விசிப்பலகையில் ஏறி நிற்போர், முன்னே தரையில் சம்மணமிடுவோர் என ஒவ்வொருவருக்கும் வரிசை வகுக்கப்பட்டிருந்தது. பள்ளி ஆண்டுவிழா, தொழிற்சங்கக் கூட்டம், ஓய்வுபெறுபவருக்கு வழியனுப்பு, மதரசா பட்டமளிப்பு என எந்தப் படமாயினும் இவ்வரிசையைக் காணலாம். படத்தின் கீழே பெயர் எழுதும்போது அமர்ந்திருப்போரின் பெயர் இடமிருந்து வலமாக முழுமையாக வரும். நிற்போர் பெயர் தலைப்பெழுத்தோடு சுருங்கும். கடைசி வரிசைக்கும் கடைநிலை ஊழியருக்கும் வரும்போது எழுதியவரின் மை தீர்ந்துவிடும். மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவரை முன்னே அழைக்க ஒரு ஸ்பாண்டர் எல்லாப் படத்துக்கும் வாய்க்கவில்லை.

நம் வீடுகளில் உள்ள படங்களைப் பற்றிப் பேசுமுன் மார்க்கச் சட்டத்தின் பின்னணியைத் தொட்டுச் செல்லாமல் முடியாது. உயிருள்ளவற்றின் உருவத்தைப் படைப்போர் மறுமையில் அதற்கு உயிரூட்டும்படி பணிக்கப்படுவர் என்னும் எச்சரிக்கை நபிமொழிகளில் வந்துள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவத் திரையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாததும், அத்திரை பின்னர்த் தலையணையாக்கப்பட்டதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள செய்தி. நிழற்படக் கருவி வந்தபோது, அது உருவாக்குவதும் தடைசெய்யப்பட்ட உருவமேயா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. 1914 முதல் சில ஆண்டுகள் எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், நிழற்படம் புதிதாய் ஒன்றைப் படைப்பதில்லை, இறைவன் படைத்த ஒன்றின் நிழலை ஒளியின் வழியே தடுத்து நிறுத்துகிறது, ஆகவே கூடும் என்று தனி நூலே எழுதினார். தேவ்பந்த் மரபின் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் கருவி மாறினாலும் செயல் மாறவில்லை என்று மறுத்து எழுதினார். மௌலானா ஆசாத் 1912இல் கல்கத்தாவில் தொடங்கிய ‘அல்ஹிலால்’ இதழில் படங்கள் தாராளமாகவே இடம்பெற்றன. இரு தரப்பினரின் சான்றுகளையும் எடைபோட்டுத் தீர்ப்புக் கூறுவது என் தகுதிக்கு அப்பாற்பட்டது. ஆனால் மொழி சார்ந்த ஒரு வியப்பை இங்கே பதிவுசெய்யலாம். எகிப்திய முஃப்தி ‘நிழலைச் சிறைப்படுத்தல்’ என்று அரபியில் வாதிட்டதற்குத் தொடர்பே இல்லாமல், தமிழ் அதற்கு நிழற்படம் என்று பெயரிட்டுக்கொண்டது. அவருடைய ஃபத்வாவின் சாரம் தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இவ்விவாதத்தின் விளைவு நம் வீடுகளில் கண்கூடு. பிற சமயத்தார் வீடுகளில் இறந்த தந்தையின் படம் மாலையிட்டுச் சுவரில் தொங்கும். நம் வீடுகளில் சுவரில் கஅபாவும் மதீனாவும் ஆயத்துல் குர்ஸியும் இருக்கும். அத்தாவின் படம் பீரோவுக்குள் இருக்கும். படத்தை மறுத்தவர்கூடப் படத்தைக் கிழிக்கவில்லை. கண்ணில் படாத இடத்தில் வைத்தார். திரை தலையணையான செய்தியில் உள்ள நுட்பம் இதுதானோ என்று எண்ணத் தோன்றுகிறது. உயர்த்தி மாட்டுவதே இடர். வைத்திருப்பதில் இளக்கம் உண்டு என்று மக்கள் தாமாகவே ஒரு வழி கண்டுகொண்டனர். இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. சுவரில் தொங்கிய படங்கள் வெயிலில் வெளிறிப்போயின. பெட்டிக்குள், பட்டுச் சேலைக்கடியில், ஜவ்வாதுப் புட்டியின் மணத்தோடு கிடந்த படங்கள் கருமை மாறாமல் நிலைத்தன. தீமை என்னவெனில், சுவரில் உள்ள படத்தைப் பார்த்துப் பேரப்பிள்ளை ‘இது யார்?’ என்று கேட்கும். பீரோவில் உள்ள படத்தைப் பற்றிக் கேட்பார் இல்லை. கேளாததால் சொல்லப்படவும் இல்லை. ஒரு தலைமுறை கடந்ததும் முகம் மட்டும் எஞ்சியது.

அப்படியாயின் அப்படங்கள் எடுக்கப்பட்டதே ஏன்? பெரும்பாலானவை பயணத்தின் பயன். 1920இன் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டத்திற்குப்பின் கடல் கடக்கப் படம் இன்றியமையாததாயிற்று. கடல் கடந்து சென்ற நம்மவர்களில் பலரின் ஒரே படம் அதற்காக எடுக்கப்பட்டதே. ஹஜ்ஜுக்குச் செல்லவும் படம் வேண்டியிருந்தது. படமே கூடாதென்று வாழ்நாளெல்லாம் சொன்ன பெரியவரும் கஅபாவைக் காணும் பேறுக்காக ஒருமுறை கருவியின்முன் அமர்ந்தார். தேவை தடையை இளக்கும் என்னும் ஃபிக்ஹு விதி அங்கே செயற்பட்டது. எனவேதான் பல குடும்பங்களில் முப்பாட்டனாரின் முகம் இஹ்ராமுக்கு முந்தைய நாள்களின் முகமாகவே, நரைத்த தாடியோடும் நேர்கொண்ட பார்வையோடும் மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அவருடைய இளமை எந்தக் காகிதத்திலும் இல்லை.

பின்னர் ஸ்டூடியோக்கள் மலிந்தன. மவுண்ட் ரோட்டில் வைல் அண்டு கிளைன் போன்ற வெள்ளையர் கடைகள் நடந்த காலத்தில் தொழிலாளி அப்படிக்கட்டை மிதித்திருக்க மாட்டார். இரயில் நிலையத்தை ஒட்டிச் சிறு ஸ்டூடியோக்கள் வந்தபின் நிலைமை மாறியது. சம்பள நாள், பெருநாள், திருமணம், முதற்குழந்தை ஆகிய நான்குமே படம் எடுக்கும் காலங்கள். வரைந்த திரையில் தாஜ்மகாலோ நீர்வீழ்ச்சியோ இருக்கும். மேசைமேல் பூச்சாடி, கையில் கடிகாரம், சிலபோது வானொலிப் பெட்டி. கோட்டு ஸ்டூடியோவுக்குச் சொந்தம். தொப்பி வந்தவருக்குச் சொந்தம். இதைப் போலி என்று இகழ்வோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தர்ஸ்டனின் கருவிமுன் எப்படி நிற்க வேண்டும் என்பதை அவர் முடிவுசெய்தார். கம்பெனிப் படத்தில் முதலாளி முடிவுசெய்தார். ஸ்டூடியோவில்தான் தொழிலாளி, தாம் எவ்வாறு நினைக்கப்பட வேண்டும் என்பதைத் தாமே காசு கொடுத்து முடிவுசெய்தார். ஆறுநாள் சுண்ணாம்புக் குழியில் நின்றவர் ஏழாம்நாள் கோட்டு அணிந்து அமர்ந்தால், அந்தப் பிற்பகல் அவருடைய வாழ்வில் இல்லாததாகிவிடுமா?

மாலி நாட்டுப் பமாக்கோ நகரில் 1948இல் ஸ்டூடியோ தொடங்கிய சைது கெய்த்தாவின் படங்களை இத்துடன் ஒப்பிடலாம். முஸ்லிம் நகரம் ஒன்றின் எளிய மக்கள் இரவல் கோட்டும் கைக்கடிகாரமும் அணிந்து அவர்முன் அமர்ந்தனர். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றைப் போற்றுகின்றன. நம் பல்லாவரத்தை அடுத்த அனகாபுத்தூரின் தறிகளில் நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியா வரை சென்று விற்ற காலமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கா நாம் எண்ணுமளவு தொலைவானதன்று.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முந்தைய தலைமுறை முஸ்லிம் பெண்களின் படங்கள் மிக அரியன. இருப்பவையும் உறவினர் ஒருவர் வீட்டுக்குள் எடுத்தவையாகவே இருக்கும். அரசின் ஆவணங்களே இந்நிலையை மாற்றின. 1993இல் டி.என். சேஷன் காலத்தில் வாக்காளர் படஅட்டை ஆணையிடப்பட்டது. வாக்காளர் பட்டியலில் கோஷாப் பெண்களின் படம் இடம்பெறலாகாது என்று தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் தள்ளுபடி செய்தது. அத்தீர்ப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். வரலாற்று நோக்கில் பார்த்தால், பல மூதாட்டியரின் ஒரே முகப்பதிவு அவ்வட்டையில் உள்ள மங்கலான சிறு சதுரமே. மவுத்துக்குப்பின் அதைப் பெரிதாக்கித் தரும்படி ஸ்டூடியோவுக்குப் பிள்ளைகள் எடுத்துச் செல்வதைக் கண்டிருக்கிறோம்.

லெபனானின் சைதா நகரில் ஸ்டூடியோ ஷெஹ்ரசாத் என்னும் கடையை 1953 முதல் நடத்தியவர் ஹாஷிம் அல்மதனீ. அந்நகரின் மீனவர், கூலியாள், மணமக்கள், மாணவர் என எல்லாரையும் படம் பிடித்தவர். தம் அனுமதியின்றி மனைவி படம் எடுத்துக்கொண்டாள் என்று சினந்து வந்த கணவன் ஒருவன், அப்படச்சுருளை அழிக்கும்படி வற்புறுத்தினான். பிறருடைய படங்களும் அச்சுருளில் இருந்தமையால் அதைக் கொடுக்க மறுத்த மதனீ, அப்பெண்ணின் முகத்தின்மேல் மட்டும் ஊசியால் கீறினார். சில ஆண்டுகளுக்குப்பின் அப்பெண் தீக்குளித்து இறந்தாள். கணவன் மீண்டும் கடைக்கு வந்து, அவள் படம் வேறு ஏதேனும் இருக்கிறதா, பெரிதாக்கித் தர இயலுமா என்று கேட்டான். கீறல் விழுந்த அப்படச்சுருளை மதனீ எறிந்துவிடாமல் வைத்திருந்தார். 1997இல் பெய்ரூத்தில் தோன்றிய அரபு நிழற்பட அறக்கட்டளை அவருடைய சேகரத்தைப் பாதுகாத்ததால் இச்செய்தி உலகுக்குத் தெரிந்தது. படம் கூடுமா கூடாதா என்று விவாதிப்போர் அனைவரும் இதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

1984க்குப்பின் தாம்பரத்து ஏற்றுமதி மண்டலத்தில் ஆயத்த ஆடை, மின்னணுப் பொருள் ஆகியவற்றின் தொழிற்கூடங்களில் பெண்கள் பெருந்தொகையில் வேலைக்குச் சேர்ந்தனர். வாயிலில் காட்ட அடையாள அட்டை, அட்டையில் படம். முதற்சம்பளத்துக்கு முன்னமே எடுக்கப்படும் படம் அது. நீலத் திரை, பளிச்சிடும் விளக்கு, காதோரம் ஒதுக்கிய முந்தானை, சிரிக்கக் கூடாது என்ற கட்டளை. வேலையை விட்டால் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னும் நாற்பதாண்டு கழித்து இவ்வட்டாரத்தின் உழைப்பு வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு மிகுந்த பயன் தரக்கூடிய படங்கள் இவையே. ஆனால் கெட்டியான காகிதத்தில் இடப்பட்ட பழைய ஸ்டூடியோ படத்தைவிட இவை விரைவில் அழிகின்றன. அழிந்த தொழிற்கூடங்களின் கதியும் அதுவே. ஸ்டாண்டர்டு மோட்டாரில் 1980களின் இறுதியிலேயே வேலை நின்றுவிட்டது. பாலாற்றங்கரைத் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப்பின் தமிழகத் தோல் தொழிலே வேறு கட்டத்துக்குள் நுழைந்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை அது நிலைநாட்டிற்று. மாசுண்ட நீரைக் குடித்தவர்களுள் அத்தொழிலாளரும் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் அவ்வரலாறு முழுமை பெறாது. நம் தொழிலதிபர்களின் கல்விக் கொடைகளைப் பாராட்டும்போதும் இதை மறைக்க வேண்டியதில்லை. 2004இல் குறுகிய பாதை மின்வண்டியும் ஓய்ந்தது. 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகள் யாவும் தாம்பரம் மாநகராட்சிக்குள் கரைந்தன.

2015 திசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. வெயிலுக்குத் தப்பிய பீரோப் படங்கள் வெள்ளத்துக்குத் தப்பவில்லை. மேலே தொங்கிய கஅபாவின் படம் நனையவில்லை. கீழ்த்தட்டில் இருந்த பெட்டி மூழ்கியது. நீரில் ஊறிய நிழற்படத்தில் கூழ்மம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரித்தால் முகம் எதிர்ப்படத்தின் முதுகில் போய்விடும். ஒட்டியவற்றை உலரவிடாமல் தூய குளிர்நீரில் இட்டு மெல்லப் பிரித்து, முகம் மேலாக நிழலில் காயவைக்க வேண்டும் என்பது அன்று பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. சேறு படிந்த ஆல்பங்கள் மெத்தைகளோடு தெருமுனைக் குவியலுக்குப் போயின.

ஸ்டூடியோக்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. எண்ணிமக் கருவி வந்தபின் பழைய கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டுச் சட்டக் கண்ணாடியாயின. படச்சுருள்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, தமிழக ஸ்டூடியோ படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தியிருப்பது பாராட்டுக்குரியது. 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டு அதன் எல்லை. ஆனால் வெளியார் வந்து தேடும்போது கடைகளும் பெரிய குடும்பங்களுமே முதலில் கண்ணில் படும். பீரோவுக்குள் இருப்பதை வீட்டார்தாம் எடுத்துத் தர வேண்டும்.

இங்கேதான் ஜமாஅத்துகள் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொரு மஹல்லாவிலும் நிக்காஹ் தஃப்தர் உண்டு. மணமகன், மணமகள், வலீ, சாட்சிகள், மஹர்த் தொகை, ஹிஜ்ரி ஆண்டு, பல இடங்களில் தொழிலும்கூட அதில் எழுதப்பட்டிருக்கும். கூலித் தொழிலாளியின் பெயரும் முதலாளியின் பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஒரே மையில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் ஏடு அது. அங்கே அமர்வோர் வரிசை, நிற்போர் வரிசை என்ற வேறுபாடு இல்லை. பெயர் உண்டு, முகம் இல்லை. பீரோவில் முகம் உண்டு, பெயர் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத்தக்க முதியோர் சிலர் பல்லாவரத்திலும் நாகல்கேணியிலும் இன்னும் நம்மிடையே உள்ளனர். திருமணப் படத்தின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரையோடு தேதி இருந்தால் தஃப்தரில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது கடினமன்று. மணமகனின் அருகே நிற்பவர் பெரும்பாலும் சாட்சியாகக் கையொப்பமிட்டவராகவோ, கைநாட்டு வைத்தவராகவோ இருப்பார்.

பெயர் தெரிந்ததும் அதைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறி வரும். கைநாட்டு வைத்தவராயின் பெயரோடு அவர் வேலை செய்த தோல்ஷாப்பு இருந்த தெருவையும் சேர்த்து எழுதலாம். அந்தத் தெருக்களில் பலவற்றுக்கு இப்போது பெயர் மாறிவிட்டது.